ரோனி ஜேம்ஸ் டியோ: "ஸ்டார்கேஸர்" பாட்டின் கடைசிப் பகுதியை எப்படிப் பாடினார்?

அச்சுக்கூடம் எழுதியது:

வணக்கம். ரெயின்போ குழுவின் "ஸ்டார்கேஸர்" பாட்டைக் கேட்டவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1976-இல் வந்த "ரைசிங்" தொகுப்பில் இருக்கிறது, எட்டரை நிமிடம் ஓடும். கிட்டார் ரிச்சி பிளாக்மோர், டிரம்ஸ் கோஸி பவல், பேஸ் ஜிம்மி பெய்ன், கீபோர்டு டோனி கேரி. தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச். மியூனிக்கில் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். இது போதாதென்று மியூனிக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவையும் கூட்டி வந்து பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பேருடைய சத்தத்துக்கும் முன்னால் நின்று பாடுகிறவர் ரோனி ஜேம்ஸ் டியோ. ஆள் குள்ளம், ஐந்தடி நாலு அங்குலம்தான். குரலைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம். அதில் எந்தப் பாட்டைப் போட்டாலும் தாளம் மட்டும் தட்டுத்தட்டாகக் கேட்கும், பாடுகிறவர் காணாமல் போய்விடுவார். டியோ மட்டும் போக மாட்டார். வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். அவர் கத்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கத்துகிற பாடகர்கள் பலர் அந்த இரைச்சலுக்குள் கரைந்துவிடுகிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாட்டில் ஒரு கதை இருக்கிறது. பறக்க ஆசைப்படும் ஒரு மந்திரவாதிக்காக அடிமைகள் கல்லால் கோபுரம் எழுப்புகிறார்கள். ஒன்பது வருடம் முதுகொடிய வேலை. கடைசியில் அவன் உச்சிக்கு ஏறுகிறான், பறக்கவில்லை, விழுந்து சாகிறான். இதை நமக்குச் சொல்வது அந்த அடிமைகளில் ஒருவன். முதல் பாதியில் டியோ கொஞ்சம் அடக்கித்தான் பாடுகிறார். வெயில், சாட்டை, தாகம் எல்லாவற்றையும் சொல்கிறார். நடுவில் பிளாக்மோரின் கிட்டார். அதற்கப்புறம் மந்திரவாதி விழுகிறான். பாட்டின் கதை அங்கே முடிந்துவிட்டது. ஆனால் டியோ நிறுத்தவில்லை. ஆறாவது நிமிடத்திலிருந்து கடைசி வரைக்கும், வீட்டுக்குப் போக வேண்டும், அடிவானத்தில் வானவில் தெரிகிறது என்று ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. ஒரு முறை கெஞ்சல், ஒரு முறை கோபம், ஒரு முறை பைத்தியம் பிடித்தவன் போல. பாட்டு மெல்ல ஒலி குறைந்து முடிகிறது. கவனித்துக் கேளுங்கள், குறைவது பதிவின் ஒலிதான். அவர் குரலில் ஒரு துளிகூடக் குறையவில்லை. கேட்க முடியாத தூரத்துக்குப் போன பிறகும் அவர் பாடிக்கொண்டேதான் இருந்திருப்பார் என்று தோன்றும்.

இவ்வளவு நேரம் அதே அழுத்தத்தில் எப்படி ஒருவர் பாட முடிகிறது? பாட்டு தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள். அப்புறம், இந்தப் பாட்டை அவர் மேடையில் பாடிய பதிவு ஏதாவது உண்டா? இதே அளவுக்கு அவர் தன்னை முழுவதும் கொடுத்துப் பாடிய வேறு பாட்டுகளும் இருந்தால் சொல்லுங்கள். அவர் தனியாகப் போன பிறகு பாடிய "ஹோலி டைவர்" தெரியும். அதைத் தாண்டி.

---

பித்தளைக்குழல் எழுதியது:

அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறவன். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் சப்பரம் என்று தெருவில் நடந்துகொண்டே வாசிப்பதுதான் தொழில்.

டியோ பாட்டு வாத்தியாரிடம் போய்க் குரல் பயிற்சி எடுத்தவர் இல்லை. ஆனால் ஐந்து வயதிலிருந்து டிரம்பெட் கற்றவர், பிரெஞ்சு ஹார்னும் வாசித்திருக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் கார்ட்லாண்ட் என்ற ஊரில் வளர்ந்த இத்தாலியக் குடும்பத்துப் பையன், சொந்தப் பெயர் ரொனால்டு படவோனா. தன் குரலுக்குக் காரணம் டிரம்பெட்டில் கற்ற மூச்சுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அவர் பாட்டுகளை நான் வேறு காதோடு கேட்க ஆரம்பித்தேன்.

டிரம்பெட்டில் முதலில் படுகிற பாடு மூச்சுதான். நெஞ்சில் காற்றை நிரப்பி ஊதினால் நாலு ஸ்வரத்தில் தோள் ஏறி, கழுத்து இறுகி, சத்தம் பிசிறிவிடும். வயிற்றுக்குள் இறக்கி, இடுப்பைச் சுற்றி விரிய விட்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப வேண்டும். உதடு எதிர்த்து நிற்கும், காற்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் இது உடம்பில் ஏறிவிட்டால் பிறகு மறக்காது. டியோ பாடும்போது எடுத்த வீடியோக்களில் அவர் கழுத்தைப் பாருங்கள். பெரிய இடங்களில்கூட நரம்பு புடைத்துத் தொண்டை இறுகுவதைப் பார்ப்பது அபூர்வம்.

இன்னொன்று, ஸ்வரத்தைப் பிடிக்கிற விதம். ராக் பாடகர்கள் நிறையப் பேர் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு மேலே வந்து ஸ்வரத்தில் சேருவார்கள். அதுவும் அழகுதான். டியோ நேராக ஸ்வரத்தின் மேலேயே வந்து இறங்குவார். நாங்கள் நாக்கால் காற்றை வெட்டி ஸ்வரத்தை ஆரம்பிப்போம், தெளிவாக ஒரு "த" மாதிரி. அவர் வரிகளின் முதல் எழுத்து விழுகிற இடத்தில் அதே வெட்டு இருக்கிறது. உங்கள் மெஷின் சத்தத்தைத் தாண்டி வார்த்தை கேட்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தெருவில் பத்து டிரம் நடுவில் ஒரு டிரம்பெட் கேட்பதும் இதனால்தான்.

அந்தக் கரகரப்பையும் சொல்ல வேண்டும். சுருதி அடியில் ஆடாமல் நிற்கிறது, அதன் மேல்தான் கரகரப்பைத் தூவுகிறார். வேண்டும்போது கூட்டுகிறார், அடுத்த வார்த்தையிலேயே எடுத்துவிடுகிறார். "ஸ்டார்கேஸர்" கடைசியில் நீங்கள் சொன்ன கெஞ்சலும் கோபமும் இப்படி வருவதுதான். மூச்சு ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. மேலே நிறம் மட்டும் மாறுகிறது.

---

நாலாம்தந்தி எழுதியது:

மேடைப் பதிவு இருக்கிறது. 1976 சுற்றுப்பயணத்தில் "ஸ்டார்கேஸர்" பாடினார்கள். 1977-இல் வந்த "ஆன் ஸ்டேஜ்" தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை, அது பெரிய குறை. பின்னாளில் வெளிவந்த "லைவ் இன் ஜெர்மனி 1976" தொகுப்பில் கிடைக்கும். மேடையில் அந்த மியூனிக் இசைக்குழு கிடையாது, டோனி கேரியின் கீபோர்டுதான் அந்த இடத்தை நிரப்புகிறது. பாட்டு ரொம்ப நீளமாகப் போகும், பொறுமையோடு கேளுங்கள். ஸ்டூடியோவில் பாடியது ஏதோ ஒட்டுப்போட்ட வித்தை இல்லை என்பது அதைக் கேட்டால் தெரியும்.

ஆனால் அவருடைய உச்சம் "ஸ்டார்கேஸர்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னைக் கேட்டால் 1980-இல் பிளாக் சபாத் குழுவோடு செய்த "ஹெவன் அண்ட் ஹெல்" தொகுப்புதான். அவர் எந்த நிலைமையில் அங்கே போனார் என்று பாருங்கள். 1979-இல் ரெயின்போவை விட்டு வெளியே வந்துவிட்டார். பிளாக்மோருக்கு வானொலியில் ஓடுகிற பாட்டுகள் வேண்டியிருந்தது, மந்திரவாதிகளும் கோபுரங்களும் போதும் என்றாகிவிட்டது. அதே வருடம் சபாத் தன் பாடகர் ஓஸி ஆஸ்போர்னை அனுப்பிவிட்டது. ஓஸியின் இடத்தில் போய் நிற்பது சாதாரணக் காரியமா? ரசிகர்கள் அந்தக் குரலோடு பத்து வருடம் வாழ்ந்தவர்கள்.

சபாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமியும் டியோவும் முதன்முதலில் சேர்ந்து எழுதியது "சில்ட்ரன் ஆஃப் த ஸீ". ஓஸி பெரும்பாலும் கிட்டார் போகிற வழியிலேயே பாடுவார். ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வருகிற துண்டு, எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே மெட்டு. டியோ அதைச் செய்யவில்லை. அயோமி ஒரு பக்கம் போக, இவர் அதற்குக் குறுக்கே இன்னொரு மெட்டைப் போடுகிறார். இரண்டும் மோதாமல் நிற்கின்றன. அந்த ஒரு மாற்றத்தில் சபாத்தே வேறு குழுவாகிவிட்டது. நான் பேஸ் வாசிக்கிறவன், எங்கள் குழுவில் இந்தப் பாட்டை எடுத்துச் செய்யும்போது பாடகர் தடுமாறுவது உயரமான ஸ்வரத்தில் இல்லை. தொடக்கத்தில் மெதுவாகப் பாடுகிற இடத்தில்தான். அங்கே ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை, கிட்டார் தந்தி மீட்டுவதும் குரலும் மட்டும்.

"ஹெவன் அண்ட் ஹெல்" என்ற தலைப்புப் பாட்டை அவசியம் இரண்டு பதிவில் கேளுங்கள். 1980 ஸ்டூடியோ ஒன்று. 2007 மார்ச் 30 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் பாடியது இன்னொன்று. அதே பழைய சபாத் ஆட்கள், அயோமி, கீஸர் பட்லர், வின்னி அபீஸ், ஆனால் குழுவின் பெயர் அப்போது "ஹெவன் அண்ட் ஹெல்". மேடையில் பாட்டு கிட்டத்தட்ட கால் மணி நேரம் நீள்கிறது. டியோவுக்கு அப்போது 64 வயது. அந்த வயதில் பெரும்பாலான ராக் பாடகர்கள் பழைய பாட்டுகளைச் சுருதி இறக்கித்தான் பாடுகிறார்கள், மேலே போகிற இடங்களைக் கூட்டத்தைப் பாட விட்டுவிடுகிறார்கள். இவர் பாடுகிறார். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, இன்னும் இருண்டிருக்கிறது, எனக்கு அது 1980-ஐவிடப் பிடித்திருக்கிறது.

2009 ஜூலையில் ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவில் பாடியதும் வெளியாகியிருக்கிறது. அந்த வருடம் நவம்பரில் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிய வந்தது, 2010 மே 16-இல் போய்விட்டார். வாக்கன் பதிவைக் கேட்கும்போது நோய் உள்ளே இருந்திருக்கும் என்ற நினைப்பு வந்து என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. நீங்கள் கேளுங்கள்.

---

வேப்பம்பூ எழுதியது:

எல்லோரும் பெரிய குரலைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு டியோவைப் பிடித்ததே அவர் மெதுவாகப் பாடுவதால்தான்.

அச்சுக்கூடம் அண்ணா, மெஷின் நின்ற பிறகு, இரவு அமைதியாக இருக்கும்போது "ரெயின்போ ஐஸ்" கேளுங்கள். 1978-இல் வந்த "லாங் லிவ் ராக் அண்ட் ரோல்" தொகுப்பின் கடைசிப் பாட்டு. டிரம்ஸே கிடையாது. கிட்டார், புல்லாங்குழல், நான்கு தந்தி வாத்தியங்கள், அவர் குரல், அவ்வளவுதான். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும், ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்த மாட்டார். "ஸ்டார்கேஸர்" பாடிய அதே தொண்டை என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையையும் எப்படி விடுகிறார் என்று பாருங்கள். சட்டென்று வெட்டாமல், இழுத்துக்கொண்டும் போகாமல், மூச்சோடு சேர்த்து மெல்ல விடுகிறார். பித்தளைக்குழல் சொன்ன மூச்சுக் கட்டுப்பாடு இங்கேதான் இன்னும் அதிகமாகத் தேவை என்று நினைக்கிறேன். உரக்கப் பாடுகிறவருக்கு வேகமே துணை, மெதுவாகப் பாடுகிறவருக்கு அதுவும் இல்லை.

1975-இல் வந்த முதல் தொகுப்பில் "த டெம்பிள் ஆஃப் த கிங்", "கேட்ச் த ரெயின்போ" இரண்டும் இதே வகை. "கேட்ச் த ரெயின்போ"வை "ஆன் ஸ்டேஜ்" தொகுப்பில் கால் மணி நேரம் பாடியிருக்கிறார்கள். அதில் அவர் குரல் கிசுகிசுப்பிலிருந்து பெருங்குரலுக்குப் போய், திரும்பிக் கீழே வருகிற பயணம் முழுதாகக் கேட்கும்.

ரெயின்போவுக்கும் முன்னால் ஒன்று உண்டு. 1974-இல், டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவில் இருந்த ரோஜர் குளோவர் "த பட்டர்ஃபிளை பால்" என்ற கதைப் புத்தகத்தை வைத்து ஒரு தொகுப்பு செய்தார். அதில் "லவ் இஸ் ஆல்" பாட்டை டியோ பாடினார். பூச்சிகளும் தவளையும் விருந்துக்குப் போகிற குழந்தைப் பாட்டு, முழுக்க மகிழ்ச்சி. இப்படி ஒரு சிரிப்பு அந்தக் குரலுக்குள் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவாவது கேளுங்கள்.

---

ஊமத்தை எழுதியது:

குரலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிகள்? மந்திரவாதி, டிராகன், வானவில், ராஜா, மறுபடியும் வானவில். குழு பெயரும் வானவில், பாட்டும் வானவில், பிறகு தனியாகப் போனாலும் "ரெயின்போ இன் த டார்க்". இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு வாழ்க்கையைப் பற்றிப் பாடியிருக்கலாமே? எனக்கு அங்கேதான் விலகிப் போகிறது. உண்மையாகவே கேட்கிறேன், உங்களுக்கு அது இடிக்கவில்லையா?

---

அச்சுக்கூடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சொன்னவற்றில் கொஞ்சம் கேட்டுவிட்டேன்.

ஊமத்தை, முதலில் உங்கள் கேள்விக்கு. எனக்கு இடிக்கவில்லை. "ஸ்டார்கேஸர்" வாழ்க்கையைப் பற்றிய பாட்டு இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? யாரோ ஒருவனுடைய கனவுக்காக ஒன்பது வருடம் கல் சுமந்தவன், அந்தக் கனவு கண் முன்னால் தரையில் விழுந்து கிடப்பதைப் பார்க்கிறான். இனி எங்கே போவது என்று கேட்கிறான். வேலை செய்த இடத்தை இழுத்து மூடிய நாளில் வாசலில் நின்றவர்கள் கேட்டதும் இதே கேள்விதான், நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். மந்திரவாதி வேஷம் இருப்பதால் அது பொய்யாகிவிடாது. நம் ஊர்க் கூத்தில் ராஜாவும் அரக்கனும் வருகிறார்கள் என்பதற்காக அதில் வாழ்க்கை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

டியோ அந்த வேஷத்துக்குப் பின்னால் நின்று கண்ணடிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். கோபுரம் என்றால் அவருக்குக் கோபுரம்தான், அதைக் கட்டினவன் அவர்தான். கொஞ்சமாவது விளையாட்டாகப் பாடியிருந்தால் நீங்கள் சொல்வது சரியாகியிருக்கும், நானும் விலகியிருப்பேன். முதல் வார்த்தையிலிருந்து நம்பிப் பாடுகிறார். அதனால்தான் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பித்தளைக்குழல் தம்பி, நீங்கள் சொன்ன நாக்கு வெட்டைத் தேடிக் கேட்டேன். "ஹெவன் அண்ட் ஹெல்" முதல் வரியிலேயே அகப்பட்டது. இப்போது எல்லாப் பாட்டிலும் அது கேட்கிறது. "கேட்ஸ் ஆஃப் பாபிலோன்" பாட்டில் ஒவ்வொரு வரியும் ஆணி அடித்த மாதிரி ஆரம்பிக்கிறது. ரெயின்போவின் அந்தப் பாட்டை 2005-இல் லண்டன் அஸ்டோரியா மேடையில் தன் சொந்தக் குழுவோடு மறுபடி பாடியிருக்கிறார், "ஹோலி டைவர் லைவ்" தொகுப்பில் இருக்கிறது. 63 வயதில் பாடியது, அந்த வெட்டு அப்படியே நிற்கிறது.

நாலாம்தந்தி, ரேடியோ சிட்டி பதிவைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் உச்சம் எது என்பதில் நான் என் பக்கம்தான். "ஹெவன் அண்ட் ஹெல்" பாட்டில் அவர் எல்லாம் தெரிந்த ஒருவராக நின்று நமக்கு எச்சரிக்கை சொல்கிறார். "ஸ்டார்கேஸர்" பாட்டில் அவருக்கு எதுவும் தெரியாது. கேட்டுக்கொண்டே இருக்கிறார், பதில் வருவதில்லை. எனக்கு இந்த இரண்டாவது ஆள்தான் நெருக்கம்.

வேப்பம்பூ தங்கச்சி, "ரெயின்போ ஐஸ்" கேட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே மெஷினை நிறுத்திய பிறகு. என்னோடு வேலை பார்க்கிற பையன் இது வேறு பாடகர் என்று அடித்துச் சொன்னான். உறையில் பெயரைக் காட்ட வேண்டியதாயிற்று. ஒரு வரியின் முடிவில் மூச்சு தீர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறாரே, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.

---

ஊமத்தை எழுதியது:

நீங்கள் சொன்ன பிறகு வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு "ஸ்டார்கேஸர்" கேட்டேன். தாகத்தைப் பற்றிப் பாடுகிற இடம் பிடித்தது. மற்ற பாட்டுகளின் வானவில் விஷயத்தில் என் கருத்து இன்னும் மாறவில்லை, ஆனால் இந்தப் பாட்டில் வாதாட மாட்டேன்.

---

நாலாம்தந்தி எழுதியது:

அச்சுக்கூடம், எதுவும் தெரியாத ஆள்தான் வேண்டும் என்றால் "ரைசிங்" தொகுப்பில் "ஸ்டார்கேஸர்" முடிந்ததும் வருகிற "எ லைட் இன் த பிளாக்" பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்டீர்களா? அதே கதையின் தொடர்ச்சி அது. மந்திரவாதி செத்த பிறகு அந்த அடிமை என்ன ஆனான் என்பதைப் பாடுகிறது. எட்டு நிமிடம், கோஸி பவல் ஒரு நொடி மூச்சு விட மாட்டார். பலர் முந்தைய பாட்டிலேயே களைத்துப்போய் இதைத் தாண்டிவிடுகிறார்கள். இரண்டையும் இடைவெளி விடாமல் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் சபாத்தோடு செய்த "மாப் ரூல்ஸ்" தொகுப்பில் "த சைன் ஆஃப் த சதர்ன் கிராஸ்". அதில் வேப்பம்பூ சொன்ன மென்குரலும் நீங்கள் சொன்ன பெருங்குரலும் ஒரே பாட்டில் இருக்கின்றன.

---

அச்சுக்கூடம் எழுதியது:

"எ லைட் இன் த பிளாக்" கேட்டிருக்கிறேன், ஆனால் கதையின் தொடர்ச்சி என்று தெரியாமல். இன்று இரவு காலண்டர் வேலை இருக்கிறது, விடிய விடிய மெஷின் ஓடும். இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன்.